மொத்தத்துக்கு ஒரே ஆர்சிசிபியா, லைனுக்கு ஒரு ஆர்சிபிஓவா?

பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. 12 மெஷின், எல்லாமே எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பாக்ஸோடு வரும் சர்வோ மோட்டார். ஆரம்பத்தில் மொத்தத்துக்கும் சேர்த்து 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) ஒன்றுதான் இருந்தது. இப்போது மூன்று மெஷினுக்கு ஒரு லைன், லைனுக்கு ஒரு ஆர்சிபிஓ. ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன்.

"எம்சிபி இருக்கே, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. உடம்பு வழியாக 0.1 ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். அது எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. போன கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஆர்சிசிபிதான். ஆர்சிபிஓ அதையும் செய்யும், எம்சிபியின் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

ஆளைக் காப்பதில் ஆர்சிசிபியும் ஆர்சிபிஓவும் ஒன்றுதான். சும்மா சும்மா ட்ரிப் ஆவதில்தான் வித்தியாசம். சர்வோ மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸில் உள்ள ஃபில்டர் எப்போதும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும். மெஷினுக்கு 1 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் 12 மெஷினுக்கு 12 ஆகிவிடுகிறது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எந்த அளவிலும் விழலாம் (ட்ரிப் ஆகலாம்). ஐப்பசி மழையில் சுவர் ஈரமானால் போதும், எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு முறை விழும். எந்த மெஷினால் விழுந்தது என்றும் தெரியாது.

அப்படி ஒரு நாள் எலக்ட்ரீஷியன் தம்பி, "ஆர்டர் நிக்குதுண்ணா, மழை விடற வரைக்கும் ஆர்சிசிபி இல்லாம நேரா குடுத்துடட்டா?" என்று கேட்டான். சரி என்றுவிட்டேன். மறுநாள் ஒரு அக்காவுக்கு மெஷின் பாடியிலிருந்து ஷாக் அடித்தது. பிளக்கில் எர்த் ஒயர் கழன்றிருந்தது. கையை உதறிக்கொண்டதோடு போனது. அவர் அலறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

லைன் பிரித்த பிறகு ஒன்று விழுந்தால் மூன்று மெஷின்தான் நிற்கும். மற்றவை ஓடுவதால் நேராகக் கொடுக்கும் பேச்சே வருவதில்லை.

செலவு அதிகம்தான், ஒன்றுக்கு நான்கு வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய வேலை நியூட்ரல். ஆர்சிபிஓவுக்கு லைனுக்கு லைன் தனி நியூட்ரல் வேண்டும். எங்கள் பழைய ஒயரிங்கில் எல்லா நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை புது ஒயர் இழுத்தோம். கன்ட்ரோல் பாக்ஸ் இல்லாத பழைய வகை க்ளட்ச் மோட்டார் மெஷின் நாலைந்து மட்டும் உள்ள இடமென்றால் ஒரே ஆர்சிசிபி போதும் என்பேன். தோல் பதனிடும் இடங்களில் ட்ரம் மோட்டார்கள் மூன்று பேஸில் ஓடும், தரையும் ஈரம். அங்கே எனக்கு அனுபவமில்லை, என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்சிபிஓ எத்தனை வருடம் உழைக்கும் என்பதிலும் எனக்கு இரண்டு வருட அனுபவம்தான்.

பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் ஆர்சிசிபி, ஆர்சிபிஓ இரண்டுமே காப்பாற்றாது. அதனால் மெஷினைத் திறக்கும்போது லைனை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை. ஆர்சிபிஓவில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துகிறோம். அது எர்த்தைச் சோதிக்காது என்பதால் கத்திரி வெயிலில் எர்த் குழிக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

போன மழைக்கு மூன்றாவது லைன் மட்டும் விழுந்தது. பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், மேஜைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஒயர் பத்தே நிமிடத்தில் கையில் சிக்கியது.