செம்பு என்று விற்கப்படும் அலுமினியம்: ஸ்பீக்கர் ஒயர் வாங்கும் முன் படியுங்கள்

ஒரு புது வீடு, 5.1 ஹோம் தியேட்டர் செட். பின்பக்கச் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தலா 12 மீட்டர் ஒயர் சுவருக்குள் குழாய் வழியாகப் போயிருக்கிறது. "சுத்தமான செம்பு, 1.5 ஸ்கொயர் எம்எம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், பில்லில் "ஸ்பீக்கர் ஒயர்" என்று மட்டும் இருக்கிறது. சில மாதங்களில் ஒரு பக்கம் கரகரவென்று விட்டுவிட்டுக் கேட்க, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரை மாற்றச் சொல்லியிருக்கிறது கடை. நுனியில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் விஷயம் தெரிந்துவிடுகிறது: மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. இழைகளை எண்ணி அளந்தால் பருமனும் பாதிதான், 0.75 ஸ்கொயர் எம்எம்.

இதற்கு வியாபாரத்தில் சிசிஏ என்று பெயர். அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல். சிசிஏ என்று சொல்லியே விற்றால் தவறில்லை; இரண்டு மூன்று மீட்டர் ஓட்டத்துக்கு அது போதும். செம்பின் விலைக்கு விற்பதுதான் மோசடி.

ஒரே பருமனில் சிசிஏயின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். ஒயரின் மொத்தத் தடை, போக வர இரண்டு கம்பியும் சேர்த்து, ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 6 ஓம் ஸ்பீக்கருக்கு 0.3 ஓம். உண்மையான 1.5 செம்பு 12 மீட்டருக்கு ஏறத்தாழ அந்த அளவில் நிற்கும். மேலே சொன்ன ஒயரோ 0.85 ஓம் வரை போகும். ஸ்பீக்கரைச் சேரும் பவரில் கிட்டத்தட்ட கால்பங்கு குறையும். சத்தம் குறைவதை ரிசீவரின் ஆட்டோ கேலிபரேஷன் (ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தானே அளந்து சரிசெய்யும் வசதி) ஈடுகட்டிவிடும். ஆனால் ஸ்பீக்கரின் ஓம் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறுவதால், ஒயரின் தடை கூடக் கூட ஒலியின் சமநிலையே மாறும். கரகரப்புக்குக் காரணம் வேறு: அலுமினியம் திருகின் அழுத்தத்தில் நாளாக ஆக நசுங்கித் தளர்கிறது, வெட்டிய நுனியில் ஆக்சைடு படிகிறது, சில முறை மடக்கினாலே இழை ஒடிகிறது.

வாங்கும்போதே சோதிக்கலாம். முதலில் சுரண்டிப் பாருங்கள். வெள்ளியாகத் தெரிகிற இழை எல்லாமே போலி அல்ல. வெள்ளீயம் பூசிய செம்பு மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு. சிசிஏ அதற்கு நேர்மாறு. உறுதியான சோதனை எடை. இரட்டைக் கம்பி ஒயரில் ஒரு மீட்டர் வெட்டி, உறையை முழுக்க உரித்து, கம்பியை மட்டும் சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். 1.5 செம்பு என்றால் சுமார் 27 கிராம், 2.5 என்றால் 45 கிராம். சிசிஏ 1.5 என்றால் 10 கிராம்தான் வரும். உறையோடு நிறுத்தால் ஏமாறுவீர்கள், தடித்த பிவிசி போட்டு எடையையும் பருமனையும் கூட்டிக் காட்டுவது வழக்கம். 0.25 மி.மீ. இழை என்றால் 1.5க்கு 30, 2.5க்கு 50 இழை இருக்க வேண்டும்.

90 மீட்டர் முழுச் சுருளாக வாங்கினால் மல்டிமீட்டரும் உதவும். ஒரு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு மறுமுனையில் அளந்து, மீட்டர் ஒயரின் சொந்தத் தடையைக் கழியுங்கள். 1.5 செம்புக்கு 2.4 ஓமைத் தாண்டக் கூடாது. 3க்கு மேல் போனால் சுருளைத் திருப்பிக் கொடுங்கள். சின்னத் துண்டில் இப்படி அளப்பது வீண். சாதாரண மீட்டருக்கு அந்த நுணுக்கம் கிடையாது.

"ஸ்பீக்கர் ஒயர்" என்ற பெயருக்காகப் பணம் கொடுக்கவும் தேவையில்லை. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள இரட்டைக் கம்பிச் செம்பு ஃபிளெக்ஸிபிள் ஒயர் இந்த வேலையை அப்படியே செய்யும். 10 மீட்டர் வரை 1.5, அதற்கு மேலோ 4 ஓம் ஸ்பீக்கருக்கோ 2.5 போடுங்கள். கரன்ட் ஒயரோடு குழம்பாதபடி இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்.

முதலில் சொன்ன வீட்டின் பில்லில் "அட்மாஸ் ஆப்டிகல் கேபிள்" என்று ஒன்றும் இருந்தது. அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பியின் ஒலி முறை. ஆப்டிகல் வழியாக டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும், அட்மாஸ் போகாது. அதற்கு டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது இஏஆர்சி இணைப்பு வேண்டும். ஒளி போகிற கேபிளின் நுனியில் தங்க முலாம் பூசி விலை ஏற்றுவதையும் நம்பாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிளில் "2.1" என்ற எண்ணைப் பார்த்து வாங்காமல், "அல்ட்ரா ஹை ஸ்பீட்" சான்றிதழ்ச் சீட்டு பெட்டியில் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பாருங்கள்.

ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்டதா? குழாய் இருந்தால் சுவரை உடைக்க வேண்டாம். பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி, டேப்பால் வழுவழுப்பாகச் சுற்றி, ஒருவர் தள்ள ஒருவர் இழுத்தால் வந்துவிடும். இழுத்தெடுத்த பழைய ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. புதிய பில்லில் "செம்பு" என்பதையும் எத்தனை ஸ்கொயர் எம்எம் என்பதையும் எழுதி வாங்குங்கள். கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், பில், சுரண்டிய இழையின் படம், தராசுப் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.