படகில் ஷூட்டிங் லைன்: பூச்சா, நரம்பா?

இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தில் ஃப்ளை ஃபிஷிங்குக்கு (செயற்கை ஈ கட்டிய தூண்டில்) படகெடுக்கப் போகும் நண்பர், ஷூட்டிங் ஹெட்டுக்குப் பின்னால் எந்த ஷூட்டிங் லைன் போடுவது என்று கேட்டார். ஷூட்டிங் ஹெட் என்பது வீச்சுக்கு எடை தரும் முன்பக்கத்துக் குட்டைக் கயிறு; அதன் பின்னால் இழுபட்டுப் போகும் மெல்லிய கயிறுதான் ஷூட்டிங் லைன். அவருக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் மூன்று சீசன் பிளாஸ்டிக் பூச்சு லைன்தான் வைத்திருந்தேன். ஈர விரலிலும் வழுக்காது, படகின் தரையில் போட்ட இடத்தில் சாதுவாகக் கிடக்கும். போன வருடம் ஹெட்டை மாட்டும் நுனி லூப் அருகே பூச்சு வெடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஓங்கி ஒரு வீச்சு. ஒன்பது மீட்டர் ஹெட் மட்டும் தனியாகப் பறந்துபோய் விழுந்தது. மூழ்கும் ஹெட் வேறு, எங்கே தேட? விற்றவர்களிடம் கேட்டால் ‘தேய்மானம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அந்தக் கோபத்தில் 30 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்புக்கு மாறினேன். நம் ஊர்த் தங்கூசி வகைதான். இதற்கு ஞாபகசக்தி அதிகம், ரீலில் சுற்றிய சுருளை மறக்காது. காலையில் முழம் முழமாக இழுத்துவிட்டால் நேராகிவிடும். அப்புறம் பாருங்கள், தூண்டில் கோலின் வளையங்களில் உரசுவதே தெரியாமல் ஓடும். பூச்சு லைனில் மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் வீசிப் பிடித்த தூரத்தை, உட்கார்ந்தபடி ஒரே வீச்சில் தாண்டினேன்.

ஆனால் காற்று வந்தால் தொலைந்தது. குவாஷ் ஆற்றை மறித்துக் கட்டிய, 1,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்த தண்ணீர். காற்று எப்போதும் வரும். இழுத்துப் போட்ட நரம்பு கால்மாட்டில் எழுந்து நின்று ஆடும். துடுப்புக் கொண்டி, பெட்ரோல் கேன், வலைக்கைப்பிடி என்று எதையும் விடாது. செப்டம்பரில் ஒரு நல்ல ரெயின்போ ட்ரவுட் கவ்விக்கொண்டு ஓடியது. நரம்போ என் பூட்ஸ் கொக்கியில் சுற்றியிருந்தது. வலது காலைத் தூக்கிப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருக்க, கூட வந்தவர் உதவி செய்யாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மீன் போயே போய்விட்டது. இப்போது தரையில் ஈரத் துண்டு விரித்துக்கொள்கிறேன். பாதி தொல்லை குறைந்திருக்கிறது. பாதிதான்.

நண்பருக்கு, பூச்சு லைனே வாங்குங்கள், சீசன் தொடங்கும்போது நுனியை வெட்டிப் புது லூப் கட்டுங்கள் என்று எழுதினேன். நான் நேற்று ஆர்டர் போட்டது இன்னொரு சுருள் நரம்பு. இந்த முறை சிவப்பு நிறம், காலில் சுற்றினாலாவது கண்ணுக்குத் தெரியும்.