ஒரு குக்கர் கேஸ்கட்டுக்கு எதற்குப் பிறந்த தேதி?

ஐந்து லிட்டர் குக்கருக்கான கேஸ்கட் ஒன்றை, சமையலறைப் பொருள்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் சென்ற வாரம் வாங்கினேன். பொருளில் குறையில்லை, மூன்றாம் நாளே பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, மூடியிலும் சரியாகப் பொருந்தியது. குறை முழுவதும் வாங்கும் முறையில்தான்.

பணம் செலுத்தப் போனபோது, கணக்குத் தொடங்காமல் மேலே செல்ல முடியாது என்று திரை மறித்தது. மின்னஞ்சல், பிறந்த தேதி, பாலினம், எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்த கடவுச்சொல் ஆகிய அனைத்தையும் கொடுத்த பிறகு வந்த ஓடிபி, நான் உள்ளிடுவதற்குள் காலாவதியாகிவிட, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பெயர், முகவரி, 600021 என்ற பின்கோடு, கூரியர்காரர் அழைக்க ஒரு கைப்பேசி எண் ஆகியவற்றுக்கு மேல், ஒரு கேஸ்கட்டை வீடு சேர்க்க என்ன தேவை? எம்.சி. ரோட்டில் துணி எடுப்பவரிடம் யாரும் பிறந்த நாளைக் கேட்பதில்லை. (அங்கும் சில கடைகளில் பில் போடும்போது கைப்பேசி எண் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.)

அடிக்கடி வாங்குபவருக்குக் கணக்கு பயன்படும். அதை ஆர்டர் முடிந்தபின், விருப்பமிருந்தால் என்று கேட்கலாமே. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் பொருந்தும் என்கிறது. கணக்கை நீக்கும் வசதியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சலுகைக் குறுஞ்செய்திகள் மட்டும் தவறாமல் வருகின்றன.

கேஸ்கட்டுக்கு நான்கு நட்சத்திரம், தளத்துக்கு ஒன்று. அடுத்ததைத் தெருமுனைப் பாத்திரக்கடையிலேயே வாங்கிக்கொள்வேன்.