பச்சைக்குழந்தைக்கு வாடகை எடை இயந்திரம்: ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு

கொழிஞ்சாம்பாறையில் தாய்வீட்டில் இருந்தபோது, பொள்ளாச்சியிலுள்ள ஒரு மருத்துவ உபகரணக் கடையிலிருந்து குழந்தைகளுக்கான மின்னணு எடை இயந்திரத்தை மாதம் 600 ரூபாய் வாடகைக்கு, 2,000 ரூபாய் முன்பணம் கட்டி எடுத்தோம். 2.900 கிலோவுடன் பிறந்த மகள் நான்காம் நாள் வீடு திரும்புகையில் 2.660 ஆகியிருந்தாள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில நாட்களில் 7 முதல் 10 சதவீதம் வரை எடை குறைவதுண்டு. இரண்டு வாரத்துக்குள் அது மீண்டுவிட வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். பதினான்காம் நாள் மருத்துவமனைத் தராசு 2.820 என்றது. "பால் பத்தலே, பொடி கரைச்சுக் குடு" என்று பெரியம்மா தொடங்கிவிட்டார். அங்கன்வாடியில் தொங்கும் ஸ்பிரிங் தராசில் 100 கிராமுக்கு ஒரு கோடு என்பதால், எங்கள் கவலைக்கு அது உதவவில்லை.

இயந்திரத்தின் தட்டு குழிவாக இருப்பதால் குழந்தை உருளாது. அளவு 10 கிராம் படிகளாகக் காட்டும். மேசையில் வைத்தால் சரியாக இருக்கும். பாய் மேல் வைத்தால் எண் அலைபாயும். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தபோது காலையில் 1.010, மாலையில் 0.980 காட்டியது, பேட்டரியை மாற்றியபின் சரியானது. கடையில் இதைச் சொல்லித் தரவில்லை.

உண்மையான தவறு என்னுடையது. ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து நோட்டில் எழுதினேன். ஈரத்துணிக்கும் காய்ந்த துணிக்கும் மட்டுமே 30 கிராம் வித்தியாசம் வந்தது. குழந்தை கையை உதறினால் இன்னும் 20. அந்த எண்களை நம்பி இரவு இரண்டு மணிக்கு அழுததை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதினேழாம் நாள் பாலக்காட்டில் தாய்ப்பால் ஆலோசனை தரும் செவிலியரிடம் போனோம். மகள் காம்பை மட்டும் கவ்வுகிறாள், அதைச் சுற்றியுள்ள கருவளையம் வாய்க்குள் போகவில்லை என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார். தலையைப் பின்னாலிருந்து அழுத்தாமல், உடல் முழுவதையும் என்னோடு ஒட்டி, மோவாய் மார்பில் படும்படி பிடிக்கச் சொன்னார். ஒரு நாளில் 8 முதல் 12 முறை கொடுங்கள், ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா என்று எண்ணுங்கள், எடையை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், துணியில்லாமல் பாருங்கள் என்றார். இருபத்தொன்றாம் நாள் 2.940, இருபத்தெட்டாம் நாள் 3.140. நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் என்ற எதிர்பார்ப்புக்குள் நான்காம் வாரம் சரியாக விழுந்தது.

ஆகவே இயந்திரத்தை வாரம் ஒரு முறைக்கு என்றால் பரிந்துரைக்கிறேன்; நோட்டுப் போடும் பழக்கமுள்ளவர்கள் யோசித்து எடுக்கவும். கடையைப் பற்றி எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. வாடகைச் சீட்டு எழுதும்போதே, "எடை ஏறலைன்னா இது இருக்கு" என்று பால்பொடி டப்பாவை மேசையில் வைத்தார்கள். இத்தகைய விளம்பரத்தைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தபோது, தட்டின் அடியில் முன்பே இருந்த கீறலுக்காக 300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். எடுக்கும் அன்றே புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் வாதாடியிருப்பேன்.