ஹுவா ஹின்னில் "தொண்ணூறு வருட லீஸ்" வீடு: கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்கலாம் என்று யோசிக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள், அதிலும் லண்டன், லெஸ்டர் பக்கமிருந்து வரப்போகும் நம்மவர்கள், இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். "30+30+30, மொத்தம் தொண்ணூறு வருடம், சொந்த வீடு மாதிரிதான்" என்று யாராவது ஒரு வீட்டைக் காட்டினால், நில அலுவலகத்துக்கு நீங்களே போய், நிலப் பத்திரத்தின் பின்பக்கத்தில் உங்கள் பெயர் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். எங்களிடம் 38 லட்சம் பாட் வாங்கிக்கொண்டார்கள். பவுண்டில் 90,000க்கு மேல். எங்கள் பெயர் எங்கேயும் ஏறவில்லை.

நானும் மனைவியும் லண்டனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள். ஹுவா ஹின் பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். அரச குடும்பத்தின் கோடை அரண்மனை இருக்கும் அமைதியான கடற்கரை ஊர். எங்கள் சந்தில் எட்டு வீடு. லிவர்பூலில் பஸ் ஓட்டியவர், லீட்ஸில் நர்ஸாக இருந்த அம்மா, எலக்ட்ரீஷியன் ஒருவர், இப்படி எல்லோருமே உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்தவர்கள். சாயங்காலம் கூடினால் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: பவுண்டு இன்று எத்தனை பாட், எழுபது தாண்டியபின் மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள், 90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனில் முகவரி சொல்லப் போக வேண்டும், 2024 முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி உண்டா இல்லையா. 2024 கோடையில் இந்தப் பேச்செல்லாம் நின்று, வீட்டுப் பேச்சு மட்டுமே மிச்சமானது.

எங்களுக்கு வீட்டை விற்ற கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. தாய்லாந்தில் அவதூறு கிரிமினல் குற்றம். எழுத்திலோ இணையத்திலோ பரப்பினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் பாட் வரை அபராதம். கோ சாங் தீவில் ஒரு விடுதியைப் பற்றி இணையத்தில் மோசமாக எழுதிய அமெரிக்கர் ஒருவர் 2020ல் கைதானார். மன்னிப்புக் கேட்டபிறகுதான் விஷயம் முடிந்தது. நாம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் வழக்கு போட்டு அலைக்கழிக்கலாம். எங்கள் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நீங்களும் கோபத்தில் பெயர் போட்டு எழுதிவிடாதீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் வாங்கலாம், அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்குள். தோட்டத்தோடு தனி வீடு வேண்டுமென்றால் நிலத்தை லீஸுக்கு எடுத்து, அதன்மேல் இருக்கும் வீட்டை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியான வழி. அதைத்தான் எங்களுக்கும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை.

விற்றவர் தாய்லாந்துக்காரர் அல்ல. வட இங்கிலாந்துப் பேச்சு, எங்கள் வயதுதான், தானும் அதே திட்டத்தில் வீடு வாங்கியிருப்பதாகச் சொன்னார். "நம்ம ஊர் ஃபிளாட் லீஸ் மாதிரிதான், வக்கீல் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. இந்த ஒரு வரியில்தான் மொத்த மோசடியும் இருக்கிறது, கவனியுங்கள். இங்கிலாந்தில் ஃபிளாட் என்றாலே பெரும்பாலும் 99 வருடமோ 125 வருடமோ லீஸ்தான்; யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது. வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு வேறொரு சொலிசிட்டர். 7 வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும், அதையும் சொலிசிட்டரே முடித்துவிடுவார். வாழ்நாள் முழுக்க அந்த ஏற்பாட்டில் இருந்தவர்களுக்கு லீஸ், வக்கீல், பதிவு என்ற மூன்றையும் கேட்டால் மனம் அமைதியாகிவிடும். இந்த வலை பிரிட்டிஷ்காரர்களுக்கென்றே அளவெடுத்துப் பின்னியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2020ல் ஒப்பந்தம் போட்டோம். வக்கீலையும் கம்பெனியே ஏற்பாடு செய்தது. ஒப்பந்தத்தில் இடப்பக்கம் தாய் மொழி, வலப்பக்கம் ஆங்கிலம், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. நில அலுவலகத்தில் எங்கள் சார்பில் பதிய அதிகாரப் பத்திரம் ஒன்றும் அந்த வக்கீல் வாங்கிக்கொண்டார். லீஸ் பதிவுக்கு மொத்த வாடகையில் 1 சதவீதம் கட்டணம், 0.1 சதவீதம் முத்திரைத் தீர்வை. ஆக 41,800 பாட். அதைத் தனியாக வாங்கி, "பதிவுக் கட்டணம்" என்றே எழுதி ரசீது கொடுத்தார்கள். பதிந்த பிரதி எப்போது வரும் என்று கேட்டால் கோவிட் நேரம், அலுவலகத்தில் ஆள் குறைவு, வந்துவிடும் என்றார்கள். அப்புறம் அந்த வக்கீல் ஊரையே விட்டுப் போய்விட்டார்.

2024ல் எல்லா வீட்டுக் கதவிலும் தாய் மொழியில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. நிலத்தைத் தன் கட்சிக்காரர் வாங்கிவிட்டதாகவும், இனி மாதம் 25,000 பாட் வாடகை தர வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்றும் புது உரிமையாளரின் வக்கீல் எழுதியிருந்தார். பஸ் ஓட்டிய நண்பர் சிரித்துக்கொண்டே "ஏதோ தவறு, நம்மிடம் தொண்ணூறு வருடப் பத்திரம் இருக்கிறதே" என்றார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

தெருமுனையில் சோற்றுக்கடை வைத்திருக்கும் அக்காதான் முதலில் சரியான கேள்வியைக் கேட்டார். கடிதத்தைப் படித்துவிட்டு, எங்கள் ஒப்பந்தத்தை ஒரு பார்வை பார்த்தார். "இது நீங்களும் அவங்களும் எழுதிக்கிட்ட காகிதம். சனோட் எங்கே? அதோட பின்பக்கம் பார்த்தீங்களா?" என்றார். மறுநாள் கடையை மூடிவிட்டு எங்களோடு நில அலுவலகத்துக்கு வந்தார். பைசா வாங்கவில்லை.

சனோட் என்பது இங்கே நிலத்துக்கான முழு உரிமைப் பத்திரம். முன்பக்கம் மேலே சிவப்புக் கருடன், கீழே அளந்து வரைந்த மனையின் படம். பின்பக்கம்தான் முக்கியம். அங்கே கட்டம் கட்டமாக, அந்த நிலத்துக்கு நடந்த எல்லாமே தேதி வாரியாக ஏறியிருக்கும்: யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம், எப்போது மீட்டது, யாருக்கு எத்தனை வருடம் லீஸ். நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அந்த விவரமெல்லாம் பத்திரத்தின் முதுகிலேயே இருக்கிறது. அலுவலர் பெண் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். பாங்காக்கிலுள்ள கம்பெனி வாங்கியது, அடமானம், மீட்பு, அதற்கு அடுத்த வரியிலேயே 2567, அதாவது 2024ல் விற்பனை. இரண்டுக்கும் நடுவே வேறு எந்த வரியும் இல்லை. எங்கள் எட்டு வீட்டுப் பெயரில் ஒன்றுகூட இல்லை. நர்ஸ் அம்மா அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தாய் எழுத்து தெரியாது.

சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. தாய்லாந்தின் சிவில், வணிகச் சட்டத் தொகுப்பில் 538ஆவது பிரிவு: 3 வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதியாவிட்டால் அது 3 வருடத்துக்குத்தான் செல்லும். ஆக எங்கள் தொண்ணூறு வருடம் 2023லேயே முடிந்துவிட்டது. நிலம் கைமாறினால் பழைய லீஸ் புதியவரையும் கட்டும் என்ற பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கட்டுவதற்கு லீஸ் உயிரோடு இருக்க வேண்டுமே.

ஒருவேளை ஒழுங்காகப் பதிந்திருந்தாலும் தொண்ணூறு என்பது இல்லை. 540ஆவது பிரிவின்படி 30 வருடம்தான் உச்சம். அது முடியும்போது அன்றைய உரிமையாளர் சம்மதித்து மறுபடி பதிந்து கொடுத்தால் அடுத்த முப்பது உண்டு. பழைய உரிமையாளர் கொடுத்த வாக்கு புதியவரைக் கட்டாது. 99 வருட லீஸ் சட்டம் வரப்போகிறது என்று சொல்லியும் இப்போது விற்கிறார்கள். 2024ல் அரசு அதை ஆராயச் சொன்னது உண்மை. ஆராயச் சொன்னதாலேயே அது சட்டமாகிவிடாது. இன்னொன்று, கணவன் மனைவியாக வருபவர்களுக்கு: லீஸ் எடுத்தவர் இறந்தால் லீஸும் முடிந்துவிடும் என்பதுதான் இங்கே பொது விதி. இருவர் பெயரையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். ஒருவர் பெயர் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நிலத்தை வைத்திருந்த அந்தக் கம்பெனியின் ஆவணங்களை எங்கள் புது வக்கீல் வணிகத் துறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பங்குதாரர்களாக இருந்த தாய்லாந்துக்காரர்கள் இருவரில் ஒருவர் கணக்கு எழுதும் அலுவலகத்தில் வேலை செய்பவர், மற்றவர் டிரைவர். சுத்தமான பினாமி. இங்கே வெளிநாட்டவருக்காகப் பினாமியாக இருப்பது குற்றம், 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் பாட் வரை அபராதம். சில தரகர்கள் உங்களுக்கே ஒரு கம்பெனி தொடங்கி நிலத்தை அதன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்பார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள், அதில் நீங்களும் குற்றவாளி ஆவீர்கள்.

பணம் போனது ஒரு வலி என்றால், எங்கள் வயதில் அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை என்பது பெரிய வலி. தாய்லாந்தில் குடியிருப்பவருக்கு பிரிட்டிஷ் அரசுப் பென்ஷன் வருடா வருடம் உயராது. இங்கே வந்தபோது என்ன வாங்கினோமோ அதே தொகைதான் கடைசிவரை. பிலிப்பைன்ஸில் இருந்தால் உயரும், இங்கே உயராது. இந்த அநியாயத்தை எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதோடு, ஓய்வுபெற்றவராக விசாவை வருடம் ஒருமுறை நீட்டிக்க 8 லட்சம் பாட் வங்கியில் இருக்க வேண்டும்: விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்து, கிடைத்து 3 மாதம்வரை, மற்ற நாட்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் உண்டு, ஆனால் அதற்குத் தூதரகம் கொடுத்துவந்த கடிதம் 2019 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. எங்களில் பலரிடம் மிச்சமிருப்பது அந்த 8 லட்சம்தான். அதை எடுத்து வக்கீலுக்குக் கொடுத்தால் விசா போகும். கொடுக்காவிட்டால் வீடு போகும். நர்ஸ் அம்மா வழக்கே வேண்டாம் என்று லீட்ஸுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு வீட்டார் புது உரிமையாளர் கேட்ட வாடகையைக் கொடுத்து இருக்கிறார்கள். மீதிப் பேர் நாங்கள் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சந்தில் சிலர் இப்போது "இந்த ஊர்க்காரர்களையே நம்பக் கூடாது" என்று பேசுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, அவர்களிடமே சொல்லிவிட்டேன். எங்களிடம் பேசி விற்றவர் எங்கள் பாஸ்போர்ட்காரர். எங்களோடு அலுவலகம் ஏறி இறங்கியது சோற்றுக்கடை அக்கா. வாங்குவதற்கு முன்பே அக்கம்பக்கத்துத் தாய்க் குடும்பம் ஒன்றிடம் இந்தப் பத்திரத்தைக் காட்டும் பழக்கம் நம்மிடையே இருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள். இங்கே பிரிட்டிஷ்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஆலோசனை கேட்டு, தங்களுக்குள்ளேயே வக்கீலைப் பரிந்துரைத்துக்கொள்கிறார்கள், அதுதான் ஆபத்து.

வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத வக்கீலை நீங்களே தேடி, நீங்களே பணம் கொடுத்து வையுங்கள். சனோட் எண்ணை வாங்கி, கையெழுத்துக்கு முன்பே பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு நாளன்று அதிகாரப் பத்திரம் கொடுத்து ஒதுங்காமல் நேரில் போங்கள். நிலத்துக்காரரும் நீங்களும் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு, கருடன் போட்ட லீஸ் பிரதி உங்கள் கைக்கு வந்தபிறகு கடைசிப் பணத்தைக் கொடுங்கள். தாய்லாந்துப் பெண்ணை மணந்து நிலத்தை அவர் பெயரில் வாங்குபவர்கள் வாழ்நாள் அனுபவ உரிமையை அதே சனோட்டில் பதிந்துகொள்ளலாம், அதற்கு அதிகச் செலவில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் எண் 1166. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. தனியார் சொத்துத் தகராறில் தூதரகம் தலையிடாது, வக்கீல்களின் பட்டியல் மட்டும் தருவார்கள். எல்லாவற்றையும் விட அவசரமானது போலீஸ் புகார். சாதாரண மோசடிக் குற்றத்துக்கு, குற்றமும் செய்தவர் யாரென்பதும் தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பேசித் தீர்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று அந்தக் கம்பெனி எங்களை இழுத்தடித்ததே அந்த மூன்று மாதத்தைக் கடத்துவதற்குத்தான். எங்கள் வக்கீல் கடைசி வாரத்தில் புகாரைப் பதிந்தார். ஹுவா ஹின், சா-ஆம் பக்கம் கோவிட் காலத்தில் இதேபோலக் கையெழுத்திட்டு, பதிந்த பிரதி இன்னும் கைக்கு வராதவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே நில அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் இல்லையென்றால் அன்றே நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரை எழுதிக் கொடுங்கள்.