95 சதவீத வேலைவாய்ப்பு என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்த்தோம்

என் மகனின் கல்விக் கடனுக்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணை 11,450 ரூபாய். பொறியியல் படித்து முடித்த அவன் கைக்கு வரும் சம்பளம் 16,200 ரூபாய். மீதமுள்ள 4,750 ரூபாய், சென்னையில் நால்வர் சேர்ந்து தங்கும் அறையின் வாடகையில் அவன் பங்குக்கே போதாது என்பதால், ஒவ்வொரு மாதமும் ஊரிலிருந்து நான்தான் பணம் அனுப்புகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அலைந்துகொண்டிருக்கும் பெற்றோர் யாரும் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

2019இல் அவனுடைய கட் ஆஃப், அதாவது பொறியியல் சேர்க்கைக்கான மதிப்பெண், 200க்கு 141. அரசு நடத்தும் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், அருப்புக்கோட்டையில் எங்கள் கடைக்கே தேடிவந்த அட்மிஷன் ஏஜென்ட் ஒருவர், "அண்ணாச்சி, இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, இப்பவே மேனேஜ்மென்ட் சீட்டைப் பிடிச்சிருங்க" என்று அவசரப்படுத்தினார். அந்த ஆண்டு கலந்தாய்வு முடிந்தபோது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஏறத்தாழப் பாதி இடங்கள் காலியாகக் கிடந்தன என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். சென்னைப் புறநகரில் உள்ள அந்தக் கல்லூரியின் கையேட்டில், '95 சதவீத வேலைவாய்ப்பு, உச்ச சம்பளம் ஆண்டுக்கு 18 லட்சம்' என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். ஒன்றரை லட்சம் ரூபாயை நன்கொடையாக ரொக்கமாக வாங்கிக்கொண்டு, கட்டண நிர்ணயக் குழு நிர்வாக ஒதுக்கீட்டுக்கு, அதாவது மேனேஜ்மென்ட் சீட்டுக்கு, விதித்திருந்த ஆண்டுக் கல்விக் கட்டணமான 85,000 ரூபாய்க்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். இப்படி நன்கொடை வாங்குவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் இன்று எந்த அலுவலகத்தில் போய் முறையிட்டாலும் காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருந்தால், தனியார் கல்லூரியிலேயே அப்போது கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்தான். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. அதிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையாக ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழிந்திருக்கும். இதை ஏஜென்டும் சொல்லவில்லை, விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என நான்கு ஆண்டுகளில் ஆறு லட்சம் கடன், 11 சதவீத வட்டியில் வாங்கினோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அந்த ஐந்து ஆண்டுகளும் வட்டி ஏறிக்கொண்டே இருந்ததால், 2024இல் தவணை தொடங்கியபோது கடன் 8,31,000 ரூபாயாக நின்றது. பத்து ஆண்டுகளில் அதைக் கட்டி முடிக்கும்போது வங்கிக்கு மட்டும் 13,74,000 ரூபாய் போயிருக்கும். நன்கொடை, மடிக்கணினி, வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம் என்று பெயர் சொல்லி வாங்கியவை ஆகியவற்றையும் சேர்த்தால், அந்தப் பட்டத்தின் விலை 16 லட்சத்தைத் தாண்டுகிறது. சேர்க்கையின்போது நான் கணக்கில் வைத்திருந்ததோ வெறும் ஏழரை லட்சம்.

இனி அந்த 95 சதவீதத்துக்கு வருகிறேன். அது முழுப் பொய் அல்ல என்பதுதான் இதில் மிகவும் வேதனையானது. என் மகனின் பிரிவில் சேர்ந்தவர்கள் 62 பேர். அரியர் இல்லாமல் நான்கு ஆண்டுகளில் முடித்தவர்கள் 34 பேர். அவர்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருந்த 20 பேரை மட்டுமே 'தகுதியுள்ளவர்கள்' என்று கல்லூரி கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த 20 பேரில் 19 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது, ஆகவே 95 சதவீதம். சேர்ந்த 62 பேரையும் வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. என் மகன் அந்த 19 பேரில் ஒருவன். அவனுக்குக் கிடைத்தது மென்பொருள் வேலை அல்ல, ஆண்டுக்கு 2.4 லட்சம் பேக்கேஜில் வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பணி. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் பி.எஃப். தொகையும் அந்த 2.4 லட்சத்துக்குள்ளேயே அடக்கம் என்பது முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

சேர்ந்த மூன்றாம் மாதமே சீனியர் மாணவர்கள் சொன்னதைக் கேட்டு விலக நினைத்தோம். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்று அலுவலகத்தில் சொன்னபோது பயந்து திரும்பிவிட்டோம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைப்பதை, பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிகள் அனுமதிப்பதில்லை என்பது அப்போது தெரிந்திருந்தால், இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம்.

உண்மையான கணக்கு முன்கூட்டியே கிடைக்கக்கூடியதுதான். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். இடைநிலைச் சம்பளம் என்பது சராசரி அல்ல. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. அதனால் ஒரே ஒருவருக்குக் கிடைத்த 18 லட்சத்தால் அதை உயர்த்திக் காட்ட முடியாது. கல்லூரியே தரும் விவரம் என்பதால் அதையும் அப்படியே நம்பிவிடாமல், ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கல்லூரிவாரியாக அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தேறாத கல்லூரியில் 95 சதவீத வேலைவாய்ப்பு என்றால், யாரையெல்லாம் கணக்கிலிருந்து விலக்கினார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

என் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு கல்லூரிகளுக்குத் தொலைபேசியில் பேசி, சென்ற ஆண்டு கணினிப் பிரிவில் சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், பணி ஆணை பெற்றவர்கள் ஆகிய மூன்று எண்ணிக்கைகளை மட்டும் கேட்டேன். ஒரு கல்லூரி மறுநாளே எழுத்து மூலம் அனுப்பியது. மற்றொரு கல்லூரியில், "நேரில் வாங்க சார், பேசிக்கலாம்" என்றார்கள். அந்தப் பெயரை எங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.