பழைய லேண்டிங் நெட் ஒடஞ்சு புதுசுக்கு மாறுன கதை: ஒரு சீசன் ஓட்டுனதுக்கு அப்புறம் ரிவ்யூ

வாங்குன அன்னிக்கே பொட்டிய பிரிச்சு போட்டோ எடுத்து அஞ்சு ஸ்டார் போடறதுல எனக்கு நம்பிக்கை இல்லங்க. லேண்டிங் நெட்டு, அதாவது தூண்டில்ல மாட்டுன மீன தண்ணிலேர்ந்து அள்ளி எடுக்கற கம்பு வச்ச வலை, நல்லதா கெட்டதாங்கறது அது பத்து தடவ நனஞ்சு, பத்து தடவ வெயில்ல காஞ்சு, மீனோட வழும்பு ஏறி, போட்ல எவனாவது கண்ணு தெரியாம அது மேல ஏறி மிதிச்சதுக்கு அப்புறந்தான் தெரியும். இதெல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு, அதான் இப்ப எழுதறேன்.

மொதல்ல பழசு எப்படி போச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா புதுசுல என்ன பாத்து வாங்கணும்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே அந்த ஒடஞ்ச நெட்டுதான். மீன் நல்லா களைச்சு போட் ஓரம் வந்து சாஞ்சிருச்சு, நெட்டுக்குள்ளயும் வந்துருச்சு, நான் அவசரத்துல கம்ப நீட்டி புடிச்சபடியே மம்முட்டியில மண்ணு அள்ற மாதிரி அப்படியே தூக்குனேன். டக்குனு ஒரு சத்தம். கம்பும் வளையமும் சேர்ற எடத்துல இருக்கற பிளாஸ்டிக் ஜாயிண்ட் பொளந்து, வளையம் மீனோட கீழ தொங்குது. பக்கத்துல இருந்த நண்பன் "டேய் வளையத்த புடிடா வளையத்த"ன்னு கத்திக்கிட்டே குனிஞ்சு ரெண்டு கையாலயும் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டான். மீன் கிடைச்சுது, நெட் போச்சு.

ரெண்டு நாள் கம்பெனிக்காரன திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டா தப்பு பாதி எம்மேல. மீன் 5 கிலோன்னு வச்சுக்கங்க, கம்போட வால் நுனிய புடிச்ச கைலேர்ந்து மீன் 1.6 மீட்டர் தள்ளி இருக்கு, முன்னாடி கை 40 சென்டிமீட்டர்ல இருக்கு, அப்போ அந்த முன் கை தாங்க வேண்டியது 5 கிலோ இல்ல, 20 கிலோ. அதே நெம்பு அந்த ஜாயிண்டயும் போட்டு வளைக்குது. அதனால மீன் உள்ள வந்ததும் கம்ப உங்க பக்கம் இழுத்து, நட்டுக்குத்தா நிமித்தி, வளையத்தோட விளிம்ப கையில புடிச்சு தூக்கணும். அப்படி தூக்குனா வலையோட பைதான் வெயிட்ட தாங்கும், கம்புக்கு வேலையே இல்ல. இது எனக்கு முன்னாடியே தெரியும், ஆனா பெரிய மீனு பக்கத்துல வந்துட்டா தெரிஞ்சது எல்லாம் மறந்து போகுதே. அதனாலதான் புதுசு வாங்கறப்ப நான் மறந்து தூக்குனாலும் தாங்கற ஜாயிண்ட் வேணும்னு முடிவு பண்ணேன்.

வளையம் நல்லாத்தான இருக்கு, கம்பும் பையும் மட்டும் மாத்துனா போதாதான்னு கேப்பீங்க. நானும் அதத்தான் மொதல்ல யோசிச்சேன், தனியா ஒரு பை கூட வாங்கிட்டேன். சைஸ் பேர பாத்து வாங்குனதுதான் நான் பண்ண முட்டாள்தனம். பை வாங்கணும்னா வளையத்த சுத்தி ஒரு நூல வச்சு சுற்றளவ அளக்கணும், 60க்கு 50 சென்டிமீட்டர் இருக்கற முட்டை ஷேப் வளையத்துக்கு ஏறக்குறைய 173 சென்டிமீட்டர் வரும். நான் வாங்குனது வட்ட வளையத்துக்கான பை, அத எங்க இழுத்து மாட்டுனாலும் ஒரு மூலைல விறைப்பா நின்னுச்சு, இன்னொரு மூலைல துணி மாதிரி தொங்குச்சு. இன்னொன்னு, பை வளையத்துக்குள்ள கோத்ததா, இல்ல கயிறு சுத்தி கட்டுனதான்னு பாத்துக்கங்க. கோத்ததா இருந்தா வளையத்த ஜாயிண்ட்லேர்ந்து கழட்டணும், பழசுல அது கழட்ட முடியாத ரிவெட். கழட்டற ஸ்க்ரூ இருக்கற நெட்டா இருந்தா பை மட்டும் மாத்துங்க, காசு மிச்சம். எனக்கு அந்த குடுப்பினை இல்ல.

சரி, இப்ப வலைக்கு வருவோம், என்னைக் கேட்டா மத்தத விட இதத்தான் அதிகமா பாக்கணும்.

பழசு முடிச்சு போட்ட நைலான். லேசா இருக்கும், மலிவா இருக்கும், தண்ணில வேகமா ஓடும், எல்லாம் சரி. ஆனா லூர்ல (மீன ஏமாத்தற பொய் எர) ரெண்டு ட்ரெபிள் ஹூக் (மூணு முள்ளு ஒண்ணா சேர்ந்த தூண்டில் முள்ளு) இருந்து, ஒண்ணு மீன் வாயில ஒண்ணு வெளிய தொங்குச்சுன்னா, அந்த வெளிய இருக்கற மூணு முள்ளும் நைலான்ல ஏறிக்கும். அதுவும் பைக்கு உள்ள ஏறுனா பரவால்ல. ஒரு தடவ பைக்கு வெளிப்பக்கம் வளையத்துக்கு கிட்ட மாட்டிக்கிச்சு, மீன் உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல, வலையோட ஓரத்துல தொங்கிக்கிட்டு ஒரே ஒரு ஒதறு, முள்ளு வாயிலேர்ந்து பிச்சுக்கிட்டு வந்துருச்சு. அப்புறம் வலைல சிக்குன லூர எடுக்க கால் மணி நேரம். முள்ளுல ஒரு குறுக்கு முள்ளு இருக்குல்ல, அது போன வழியே வராது, ஒண்ண எடுத்தா பக்கத்துல இருக்கறது மாட்டும், கடைசில பொறும போயி கட்டர எடுத்து ரெண்டு கண்ணிய வெட்டி விட்டேன். வெட்டுன எடம் அடுத்தடுத்த டிரிப்ல பெருசாகி, ஒடையறதுக்கு முந்தின மாசம் கையே உள்ள போற அளவு ஓட்டை. நைலான் வெயில்ல கெடந்தா மொறுமொறுன்னு ஆயிரும், ரெண்டு விரல்ல ஒரு நூல புடிச்சு சுண்டிப் பாருங்க, பட்டுனு போனா அந்த பைக்கு ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

மீன திருப்பி விடறவங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. முடிச்சு மீனோட மேல இருக்கற வழும்ப வழிச்சு எடுத்துரும், செதில் உதிரும், செட்டை நுனி கிழியும். ப்ளூகில்ங்கற சின்ன நன்னீர் மீன வச்சு நாலு வகை வலைய ஒப்பிட்டு 2003ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல முடிச்சு போட்ட வலைல எடுத்த மீனுக்குத்தான், ரப்பர் வலையையும் முடிச்சு இல்லாத வலையையும் விட, காயமும் அதிகம் சாவும் அதிகம். என் பழைய நெட்ல எடுத்த பின்னாடி அடில செதிலா ஒட்டிக் கெடக்கும், அதுலயே கணக்கு தெரிஞ்சிருச்சு.

முழு ரப்பர் வலையயும் எடுத்து பாத்தேன். முள்ளு ஏறவே ஏறாது, வழும்பும் ஒட்டாது, ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனா சுத்தம். ஆனா வெயிட்டு! நுனில அவ்ளோ கனம் இருந்தா ஒத்தக் கைல தூண்டில் ராட் இன்னொரு கைல நெட்டுன்னு தனியா போறவன் தாங்க மாட்டான். தண்ணிக்குள்ள இழுத்தா ரப்பர் தடிமனா இருக்கறதால குடைய தண்ணில விரிச்சு இழுக்கற மாதிரி இருக்கும், ஓட்டம் உள்ள தண்ணின்னா கேக்கவே வேணாம். சின்ன ஓடத்துலயோ கயாக்லயோ சின்ன வளையத்தோட வச்சுக்கறவங்களுக்கு ஓகே. எனக்கு வேணாம்னு வச்சுட்டேன்.

கடைசில எடுத்தது முடிச்சு இல்லாத வலை, மேல ரப்பர் கோட்டிங். இது ரெண்டுக்கும் நடுவுல. ஒரு சீசன்ல ட்ரெபிள் ஹூக் மாட்டலன்னு சொன்னா பொய், மாட்டுச்சு, ஆனா மாட்டுனா ப்ளையரால ஒரு திருப்பு, வந்துரும். கட்டர் இன்னும் சாமான் பைய விட்டு வெளிய வரல. வழும்பு ஒட்டும், ஆனா காஞ்சு போறதுக்குள்ள தண்ணில அலசிட்டா நாத்தம் இல்ல. அலசாம ராத்திரி முழுக்க மூடி வச்சீங்கன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல, போட்டுக்குள்ள பூனை ஏதாவது செத்துக் கெடக்கான்னு தேடுவீங்க.

ஒரு குறை உண்டு. பையோட அடில, மீன் எப்பவும் வந்து விழற எடத்துல, கோட்டிங் லேசா வெடிச்சு உள்ள இருக்கற நூல் தெரிய ஆரம்பிச்சிருக்கு. உள்ள நூல் நல்லா இருக்கு, ஆனா அந்த எடத்துல முள்ளு ஏறுது. இன்னொரு சீசன் தாங்கும்னு நினைக்கறேன், அதுக்கு மேல சந்தேகம்தான். நல்ல வேளையா இதுல வளையம் ஸ்க்ரூ போட்டது.

பையோட ஆழமும் பாக்கணும், ஆனா நெறைய பேரு பாக்கறதில்ல. ஆழம் கம்மியான தட்டையான பை மீன திருப்பி விடறதுக்கு அழகு, போட்டோ எடுக்க அழகு, ஆனா போட் ஒசரத்துக்கு தூக்கறப்ப மீன் ஒரு எகிறு எகிறுச்சுன்னா வெளிய போயிரும். பையோட ஆழம் அரை மீட்டருக்கு மேல இருந்தா கம்ப பாதி சுத்து திருப்பி விட்டா போதும், பையே வளையத்து மேல மடிஞ்சு வாய மூடிக்கும். 60 சென்டிமீட்டர் வளையத்துல 80 சென்டிமீட்டர் மீன் எப்படி போகும்னு கேட்டாங்க. தலை மொதல்ல போனா மீதி வளஞ்சு போகும்.

வாலு மொதல்ல போடப் போனா 60 இல்ல 90 வாங்குனாலும் போகாது. வால்ல வலை பட்டதும் மீன் ஓடத்தான் பாக்கும், அதுக்கு முன்பக்கம்தான் வழி. என் நண்பன் இன்னும் இந்த தப்ப பண்றான். மீன தொரத்திக்கிட்டு வலையால குத்துவான். நெட்ட தண்ணிக்குள்ள எறக்கி ஆடாம வச்சிரு, ராட் புடிச்சிருக்கறவன் மீன வலைக்கு மேல கொண்டு வரட்டும், தலை வளையத்த தாண்டுனதும் தூக்குன்னு எத்தன தடவ சொல்றது. "அங்க இல்லடா, கீழ எறக்கு கீழ எறக்கு"ன்னு கத்தறதே என் பாதி டிரிப்பு.

இப்படி நெட்ட எறக்கி வைக்கறதுக்கு கம்பு நீளம் வேணும். கடைல நின்னு கையில புடிச்சு பாத்தா எல்லா கம்பும் நீளமாத்தான் தெரியும். போட்ல நீங்க நிக்கற எடத்துலேர்ந்து தண்ணி வரைக்கும் அளந்துக்கங்க, அதுக்கு மேல வளையம் முழுசா தண்ணில முங்கணும், உங்க ரெண்டு கைக்கும் எடம் வேணும். எங்க போட் பக்கச் சுவரு தண்ணிலேர்ந்து முக்கா மீட்டர் ஒசரம், பழைய கம்பு 1.2 மீட்டர், நான் வயித்த சுவத்துல அழுத்தி குனிஞ்சுதான் எடுப்பேன், இடுப்பு வலி வேற. புது கம்பு இழுத்தா 1.8 மீட்டர் வருது. நின்னுக்கிட்டே எடுக்கலாம். கயாக்ல உக்காந்து போறவங்களுக்கு இது வெட்டி வேலை, அரை மீட்டர் கம்பு போதும்.

இழுத்து நீட்டற கம்புன்னா லாக்க பாருங்க. முறுக்கி டைட் பண்றது ஈரக் கையில வழுக்கும், மீன் இருக்கறப்ப கம்பு தானா சுருங்கும். ஓட்டைல வந்து உக்கார்ற பட்டன் லாக்தான் நல்லது, இதுல அதுதான். ஆனா உப்புத் தண்ணில மூணு நாலு டிரிப் போனதும் பட்டன் உள்ளயே சிக்கி நின்னுச்சு, மீன் பக்கத்துல வந்தாச்சு, பட்டன் வெளிய வரல, பாதி கம்போடதான் எடுத்தேன். கம்பு வட்டக் குழாயா இல்லாம கொஞ்சம் சப்பையா இருந்தா வளையம் கையில சுத்தாது. என்னோடது வட்டம், மீன் ஒரு பக்கமா விழுந்தா வளையம் திரும்பப் பாக்குது, அது ஒரு எரிச்சல்.

ஜாயிண்ட் இதுல அலுமினியத்துல வார்த்தது, ரெண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. மறந்து போயி ரெண்டு தடவ பழையபடி மம்முட்டி கணக்கா தூக்கிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா ஸ்க்ரூ தலைய சுத்தி வெள்ளையா பவுடர் மாதிரி கட்ட ஆரம்பிச்சுது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் உப்புத் தண்ணில ஒண்ணா இருந்தா அலுமினியத்ததான் அரிக்கும். நன்னீர்ல மட்டும் போறவங்க கவலப்பட வேணாம். கடலுக்கு போறவங்க வந்ததும் நல்ல தண்ணில கழுவி, கம்ப முழுசா கழட்டி உள்ள இருக்கற தண்ணிய கவுத்து விடுங்க.

இன்னொன்னு, இது மிதக்காது. மிதக்கும்னு அட்டைல எழுதியிருந்துச்சு, போட்டு பாத்தேன், கம்பு நுனி கொஞ்ச நேரம் மேல நின்னுச்சு, அப்புறம் உள்ள தண்ணி ஏற ஏற மெதுவா எறங்க ஆரம்பிச்சிருச்சு. கயிறு கட்டி வச்சிருந்ததால தப்பிச்சேன்.

நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் பட்டனுக்கு போச்சு, இப்ப ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னாடி கரையிலயே அத பத்து தடவ அமுக்கி பாத்துட்டுதான் போட்ல ஏத்தறேன்.